புழுங்கலரிசியின் மணமும் சத்தும்

சந்தையில் அரிசியின் தரத்தைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் கண்ணும் மூக்குமே யாகும். வெண்மையாயும், ஊறல் நாற்ற மில்லாமலும், சோறு மிருதுவாயும் இருப்பின் விலை ஏறுகிறது. ஆனால் உடலுக்கு இன்றியமையாத சத்துக்களுள் சில நாவுக்கும் மூக்குக்கும் புலப்படுவதே யில்லை. தயமின் எனப்படும் ஜீவசத்து பி1 அவற்றுள் ஒன்று. ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டுவது ஏறக்குறைய 1 மில்லிகிராமே. அவ்வளவு சொற்பமான பொருள் சோற்றில் உளதா, இலதா என்பதை எந்த நாவும் அறியாது. அது நீண்டகாலம் கிடைக்காவிடில் கால்கள் மரத்து, இருதயம் தளர்ந்து, பெரிபெரி என்னும் நோய் உண்டாகிறது.

இந்நோயின் காரணம் வெளிப்பட்ட வரலாறு விசித்திரமானது. 1890களில் ஜாவாவின் பட்டேவியா நகரில் எய்க்மன் என்னும் டச்சு வைத்தியர் தாம் வளர்த்த கோழிகள் கால் முடங்கி விழுவதைக் கண்டார். அவை இராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்றவை. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவச் சோறு வெளிக் கோழிகளுக்குத் தரத்தக்க தன்றென மறுத்துவிட்டார். அதன்பின் தீட்டாத அரிசி தின்ற கோழிகள் தேறின. சமையற்காரரின் கண்டிப்பு ஆராய்ச்சிக்குப் பேருதவி யாயிற்று எனலாம். அரிசியில் ஏதோ நஞ்சிருப்பதாக எய்க்மன் முதலில் எண்ணினார். தவிட்டோடு கழிந்த ஒரு சத்தின் குறைவே காரணமென்று 1901இல் கிரைன்ஸ் விளக்கினார். 1926இல் அச்சத்து படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது.

தமிழர்க்கு இவ்வரலாற்றில் நேரிய தொடர்புண்டு. மலாயாவில் பச்சரிசி யுண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் பெருவாரியாக மடிய, புழுங்கலரிசி யுண்ட தமிழ்த் தொழிலாளர் அந்நோய்க்குப் பெரிதும் தப்பினர். இதைக் கவனித்த பிராடன் என்னும் வைத்தியர் 1907இல் நூலொன்றில் எடுத்துரைத்தார். பிரேசர், ஸ்டாண்டன் என்போர் ஜாவா நாட்டுத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, ஒன்றுக்கு வெள்ளைப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் அளித்துச் சோதித்து, 1909இல் முடிவை வெளியிட்டனர். நோய் பச்சரிசிப் பிரிவிலேயே தோன்றிற்று.

காரணம் எளிது. தயமின் பெரும்பாலும் நெல்மணியின் முளையை ஒட்டிய பகுதியிலும் தவிட்டுப் படலத்திலும் இருக்கிறது. பச்சை நெல்லைத் தீட்டினால் அவை தவிட்டோடு போய்விடும். நெல்லை ஊறவைக்கும்போதோ, சத்து நீரிற் கரைந்து மணியின் உட்புறம் செல்கிறது. அவிக்கும்போது மாவு இறுகி அதைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே தீட்டினாலும் பெரும்பங்கு எஞ்சுகிறது. கழுவும்போதும் பச்சரிசியைக் காட்டிலும் குறைவாகவே கரைகிறது.

அங்ஙனமாயின் புழுங்கலை வெறுப்போர் சொல்லும் குறை என்ன? நாற்றமே. அக்குறை உண்மையானது, அதை வாங்குவோரின் அறியாமை யென்று தள்ளுவது முறையன்று. நாம் சுவை யென்று சொல்வதிற் பெரும்பகுதி வாயின் பின்புறமாக மூக்குக்கு ஏறும் வாசனையே. சளி பிடித்தவருக்குச் சோறு சப்பென் றிருப்பது இதனாற்றான். எனினும் இந்நாற்றம் புழுங்கலின் இயல்பன்று. தண்ணீரில் இரண்டு மூன்று நாள் நெல்லை ஊறப்போடும்போது நுண்ணுயிர்கள் பெருகி நீரைப் புளிக்கச் செய்வதால் விளைவது. பழைய ஊறல் நீரையே மீண்டும் பயன்படுத்தினால் அது இன்னும் மிகும்.

மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950களில் இதற்கு வழி கண்டது. நீரை ஏறக்குறைய 85 டிகிரி சென்டிகிரேடுக்குக் காய்ச்சி நெல்லைக் கொட்டினால் வெப்பம் 70 டிகிரி யளவில் நிலைக்கும். அந்நிலையில் மூன்றரை மணி நேரம் ஊறினாற் போதும். அச்சூட்டில் நுண்ணுயிர்கள் பெருக இடமில்லை. வெப்பம் மேலும் ஏறினால் உமி வெடித்து அரிசி நிறங்கெடும். தொட்டியில் வெப்பமானி யொன்று இருப்பது அவசியம்.

பின்பு நீரை வடித்து, உமி சற்றே பிளக்கும்வரை ஆவியில் அவிக்கவேண்டும். உலர்த்துவதில் அவசரம் கூடாது. கடும் வெயிலில் ஒரே மூச்சாய்க் காய்ந்த நெல் அரைவையில் நொறுங்கிக் குருணையாகும். பாதிக்குமேற் காய்ந்ததும் குவித்து மூடிச் சில மணி நேரம் வைத்து, ஈரம் சமமானபின் மறுபடி பரப்பி உலர்த்துக.