யாரிடம் சொல்வது?

அன்பு மருமகளே,

டாக்டர் சீட்டில் ‘பேனிக் டிஸார்டர்’ என்று எழுதியதை இன்ஸ்டாகிராமில் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். உன் அம்மாவோ, மாட்டுங்கா சொந்தக்காரர்களுக்குக்கூடத் தெரியக் கூடாது, நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா என்கிறாள். இரண்டு பேர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

நம் மும்பை தாதரிலிருந்தே தொடங்குகிறேன். சிவாஜி பார்க் மண்ணில் பயிற்சியாளர் அச்ரேக்கரிடம் மட்டை பிடிக்கப் பழகிய கிரிக்கெட் வீரர் சச்சின், பத்துப் பன்னிரண்டு வருடம் பதற்றத்தோடு போராடியதாக 2021 மே மாதம் ஓர் உரையாடலில் சொன்னார். ஆட்டத்துக்கு முந்தைய இரவு தூக்கம் வராது. ஆட்டத்துக்குத் தயாராவதில் இதுவும் ஒரு பகுதிதான் என்று பிறகு ஏற்றுக்கொண்டாராம். டீ போடுவது, துணி தேய்ப்பது, பை அடுக்குவது என்று மனதைத் திருப்பியிருக்கிறார்.

அவர் ஓய்வு பெற்றது 2013-இல், இதைச் சொன்னது ஏழெட்டு வருடம் கழித்து என்பதைக் கவனி. நோயின் பெயர் எதையும் அவர் சொல்லவும் இல்லை. நடிகை தீபிகா படுகோன் அப்படி இல்லை. 2015-இல், நடிப்பில் உச்சத்தில் இருக்கும்போதே, எனக்கு மனச்சோர்வு, அதற்குச் சிகிச்சை எடுத்தேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதற்கப்புறம் பலருக்கு வாய் திறந்தது உண்மை. ஆனால் தாராவியில் ‘கோலி’ என்கிற சின்ன அறையை வாடகைக்கு எடுத்து, தையல் கடையில் வேலை பார்க்கும் ஒருவன் இதையே சொன்னால் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லலாம், முதலாளி கணக்கை முடித்து அனுப்பலாம். நட்சத்திரம் பேசியதைக் காட்டி ‘நீயும் பேசு’ என்று அவனை நெருக்குவது எனக்குப் பிடிக்காத காரியம்.

அதற்காக அம்மா சொல்கிறபடி பூட்டி வைப்பதும் சரியல்ல. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய ஆய்வில், பதற்றம், மனச்சோர்வு போன்ற பொதுவான மனநோய் உள்ளவர்களில் 100-க்கு 85 பேர் சிகிச்சை பெறாமல் இருந்தார்கள். இந்த ஒளிவுமறைவு முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் பார்த்தோம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். அவர்களில் பலரை அங்கே கொண்டுவந்து விட்டது வீட்டார்தான்.

இனி அந்தச் சீட்டு. பேனிக் வந்தால் நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், இதோ செத்துவிடுவோம் என்று தோன்றும். சில நிமிடங்களில் உச்சம் தொட்டு இறங்கிவிடும். ஒரு தடவை வந்தால் அது நோய் ஆகாது. திரும்பத் திரும்ப வந்து, அடுத்தது எப்போதோ என்ற பயத்திலேயே ஒரு மாதமாவது வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டால்தான் டாக்டர் அந்தப் பெயரை எழுதுவார். நீ தாதர் பாலத்தைத் தவிர்க்க ரெண்டு பஸ் மாறிப் போகிறாயே, அதைத்தான் அவர் கவனித்திருப்பார். பயப்படும் இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ப் பழகுவதும் இதற்குச் சிகிச்சைதான். பரீட்சைக்கு முதல் நாள் வயிறு கலங்கும் உன் தோழி அந்தப் பெயரை வாங்கித் தனக்கு ஒட்டிக்கொள்ள வேண்டாம். நீயும் அதை உன் பெயருக்கு முன்னால் இனிஷியல் மாதிரி போட்டுக்கொள்ளாதே.

2017 மனநலச் சட்டம் உன் பக்கம் இருக்கிறது. சட்டம் சொல்லும் சில விலக்குகள் தவிர, உன் சிகிச்சை விவரத்தை டாக்டர் வெளியே சொல்லக் கூடாது. முன்பு சிகிச்சை எடுத்தார் என்ற ஒன்றை மட்டும் வைத்து இன்றைக்கும் மனநோயாளி என்று ஒருவரைத் தீர்மானிக்க முடியாது. மருத்துவக் காப்பீட்டில் உடல் நோய்க்கு என்ன வழியோ அதே வழி மன நோய்க்கும் வேண்டும் என்றும் அது சொல்கிறது.

ஆகவே சொல், ஆனால் ஆளைப் பார்த்துச் சொல். கூடவே ரயிலில் வரும் ஒரு தோழிக்குத் தெரியட்டும், பாலத்தில் கையைப் பிடிக்க ஆள் வேண்டும். வகுப்பு ஆசிரியர் ஒருவரிடம் சொல்லி வை. கல்யாணம் என்று வந்தால் தரகருக்குத் தெரிய வேண்டியதில்லை. கட்டிக்கப்போகிறவனிடம் நீயே முன்கூட்டிச் சொல்லிவிடு. அதைக் கேட்டு ஓடுகிறவன் ஓடட்டும். இன்ஸ்டாகிராம் இப்போது வேண்டாம். சிகிச்சை நடக்கும்போது ஊரார் கமெண்டுக்கெல்லாம் பதில் சொல்லி உன் தெம்பை எதற்கு வீணாக்க வேண்டும்? குணமான பிறகும் எழுதத் தோன்றினால் எழுது, முதல் லைக் என்னுடையது.

ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416-க்குப் போன் போடு. அரசாங்கத்தின் டெலி-மானஸ், தமிழிலும் பேசலாம். செம்பூர் பக்கம் தேவ்னாரில் டாட்டா சமூக அறிவியல் கழகம் நடத்தும் ‘ஐகால்’ ஆலோசனைச் சேவையும் இருக்கிறது. மாத்திரையை நீயாக நிறுத்தாதே. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் மாமா,
தாதர்