முதல் செஸ் போட்டிக்கு எப்போது போகலாம்?

போனில் ஆடிப் பழகியவரா? ஆன்லைன் ரேட்டிங் ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பெரும்பாலான போட்டிகள் சுவிஸ் முறையில் நடக்கின்றன. அதில் தோற்றாலும் எல்லாச் சுற்றும் ஆடலாம். கீழே உள்ளவை கைவந்துவிட்டால் பெயர் கொடுங்கள்.

1. நிஜப் பலகையில் தினமும் ஆடுங்கள். திரைக்குப் பழகிய கண்ணுக்குப் பலகையில் மூலைவிட்டத் தாக்குதல் சட்டென்று தெரியாது.

2. தொட்ட காயையே நகர்த்துங்கள், வீட்டிலும்கூட. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கேஸ்லிங் செய்யும்போது ஒரே கையால், ராஜாவை முதலில் எடுங்கள். யானையைத் தொட்டுவிட்டால் யானையைத்தான் நகர்த்த வேண்டும். காயைச் சரியாக வைக்க மட்டும் தொடுவதானால், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

3. காய் நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்துங்கள். விதி அது.

4. ஒரு முழு ஆட்டத்தை விடாமல் எழுதிப் பாருங்கள். கிளாசிக்கல் போட்டிகளில் இருவர் நகர்வுகளையும் குறிப்பது கட்டாயம்.

5. எதிராளி விதி மீறினால் வாதாடாதீர்கள். கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழையுங்கள். தீர்ப்பு அவருடையது. குழந்தைகளுக்கு இதை அவசியம் சொல்லிக்கொடுங்கள், பயந்து சும்மா இருந்துவிடுவார்கள்.

6. போனை வெளியே உள்ளவரிடம் கொடுத்துவிட்டு உட்காருங்கள். சட்டைப்பையில் இருந்தாலே ஆட்டம் பறிபோகலாம்.