வழக்கு முடியும்வரை நபகா

சகோதரர்களே! மனைவி பிணங்கிப் பிரிந்திருந்தால், வழக்கு முடியட்டும் என்று செலவுப் பணத்தை நிறுத்துவோர் நம்மில் உண்டு. மாறு செய்தவள் யார் என்பதைத் தீர்க்க வேண்டியது கோர்ட்; நாமல்ல.

கோலாலம்பூரில் நடப்பிலுள்ள 1984-ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டப்படி, வழக்கு நடக்கும்போதே ஷரீஅத் கோர்ட் இடைக்கால நபகாவுக்கு உத்தரவிடலாம்.

சொத்து விஷயம்: மஹர் அவளுக்கே உரியது. மணவாழ்வில் தேடிய சொத்து நம் சம்பாத்தியமே ஆனாலும், வீட்டைப் பேணிய அவள் உழைப்பைக் கோர்ட் கணக்கில் எடுக்கும். அவள் பங்கைத் தட்டிக்கழிக்கக் கடையைத் தம்பி பெயருக்கு மாற்றினால், அதைத் தடுக்கவும் அதிகாரம் உண்டு.

பேரேடு எழுதும் நாம், கொடுத்த தொகையையும் தேதியையும் எழுதி ரசீது வாங்குவோம். ஷாபிஈ மத்ஹபில் கொடுக்காத நபகா கடனாகவே நிற்கும். கடனோடு மௌத்தாகாமல் அல்லாஹ் நம்மைக் காப்பானாக!