மீண்டு வந்த ஏரி

ஒரு தொட்டியில் நீர்மட்டம் மாறாதிருக்க என்ன செய்வீர்கள்? உள்ளே வரும் நீரும் வெளியேறும் நீரும் சமமாக இருக்குமாறு குழாய்களைத் திருகி வைப்பீர்கள். ஏரிக்கும் இதே கணக்குத்தான். ஆனால் மட்டம் சரியாக இருந்தால் மட்டும் ஏரி நலமாக இருக்குமா? அமெரிக்காவில் சியாட்டில் நகரை ஒட்டியுள்ள வாஷிங்டன் ஏரியின் கதை இதற்கு விடை கூறும்.

மட்டத்தைக் காத்தல்

இந்த நன்னீர் ஏரியின் பரப்பு சுமார் 88 சதுர கிலோமீட்டர். 1916-ஆம் ஆண்டு, கடலுடன் இணைக்கும் கப்பல் கால்வாய்க்காக ஏரியின் மட்டம் சுமார் 2.7 மீட்டர் தாழ்த்தப்பட்டது. கால்வாயின் கடல் முனையிலுள்ள கதவுகளும் மதகுகளுமே இன்று மட்டத்தைக் கட்டுப்படுத்துகின்றன. அங்கே கோடையில் மழை குறைவு. அப்போது கப்பல்களை ஏற்றி இறக்கவும், சால்மன் மீன்கள் ஏறிச்செல்லும் படிகளுக்கும் நீர் வேண்டும். ஆகவே வசந்த காலத்தில் ஏரியை நிரப்பிக்கொள்கிறார்கள். குளிர்காலத்தில், புயலலைகள் படகுத்துறைகளைச் சேதப்படுத்தாதிருக்க மட்டத்தைத் தாழ்த்துகிறார்கள். இரண்டுக்குமுள்ள வேறுபாடு ஏறத்தாழ 60 சென்டிமீட்டரே!

மாசு வந்த வழி

மட்டம் ஒழுங்காக இருந்தது. நீரோ கெட்டுக்கொண்டே வந்தது. கரையோர ஊர்கள் தங்கள் கழிவுநீரைச் சுத்திகரித்து ஏரியில் விட்டன. ‘சுத்திகரித்த நீரால் என்ன கெடுதல்?’ என்று கேட்பீர்கள். அழுக்கு பெரும்பாலும் நீங்கினாலும் அதில் பாஸ்பரஸ் மிஞ்சியிருந்தது. பயிருக்கு உரம் போல, பாசிக்குப் பாஸ்பரஸ். 1955-இல் ஆசிலட்டோரியா என்னும் பாசி அங்கே பெருகியது. சுவிட்சர்லாந்தின் சூரிச் ஏரி கெட்டபோதும் இதுவே பெருகியிருந்தது. பேராசிரியர் எட்மண்ட்சன் இதை அபாய அறிகுறி என்று கண்டார்.

மக்கள் எடுத்த முடிவு

கழிவுநீரைத் திருப்பிவிடப் பெரும் பணம் வேண்டும். 1958 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் திட்டத்தை ஏற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஏற்றுக்கொண்டனர். 1963 முதல் 1968 வரை, கழிவுநீர் படிப்படியாக ஏரியிலிருந்து விலக்கப்பட்டது. சுத்திகரித்தபின், அலையேற்றத்தால் நன்கு கலங்கும் கடற்பகுதிக்கு அது அனுப்பப்பட்டது.

பலன் என்ன? வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, அது எந்த ஆழத்தில் மறைகிறது என்று அளப்பார்கள். 1963-இல் கோடையில் அது சுமார் ஒரு மீட்டரிலேயே மறைந்தது. 1976-க்குப் பின் ஆறு மீட்டர் ஆழத்திலும் தெரிந்தது! ஆசிலட்டோரியா குறைந்ததும், பாசியைத் தின்னும் டாப்னியா என்னும் சிற்றுயிர் பெருகியதே இந்தத் தெளிவுக்குக் காரணம்.

ஏரி விரைவாக மீண்டது ஏன்? அது ஆழமானது, சீடர் ஆற்றின் தூய நீர் அதில் வந்து சேர்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக, நோய் முற்றுமுன் மருந்து கிடைத்தது. மதகைத் திறந்தால் மட்டம் சில நாட்களில் மாறும். மாசு நீங்கவோ ஆண்டுகள் பல வேண்டும். ஆகவே மாசை நுழைவாயிலிலேயே தடுப்பதே அறிவுடைமை.

செய்து பாருங்கள்

இரு கண்ணாடிப் பாட்டில்களில் குளத்து நீரை நிரப்புங்கள். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை சூப்பர் பாஸ்பேட் உரம் இடுங்கள். இரண்டையும் வெளிச்சமுள்ள சன்னலில் இரண்டு வாரம் வையுங்கள். எது அதிகம் பச்சையாகிறது? பார்த்ததை நாள்தோறும் குறித்து வையுங்கள். கைகளைச் சோப்பிட்டுக் கழுவ மறவாதீர்கள்.