மண்ணின் இயல்பறிந்த மாமனிதர்

நுழையும்முன்
வானுயர்ந்த கட்டடத்தை அண்ணாந்து வியக்கும் நாம், அதனைத் தாங்கும் மண்ணை எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த மண்ணையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட பேராசிரியர் ஒருவரைப் பற்றியது இப்பாடம்.

கார்ல் டெர்சாகி 1883ஆம் ஆண்டு பிராகா நகரில் பிறந்தார். ஆஸ்திரியாவின் கிராட்சு நகரில் இயந்திரப் பொறியியல் பயின்றார். அக்காலத்தில் அணைகளும் கட்டடங்களும் சரிந்தபோது, அதற்கான காரணத்தைக் கணக்கிட்டுக் கூற எவராலும் இயலவில்லை. 1912இல் அமெரிக்கா சென்ற அவர், அணைகள் எழும் இடங்களை நேரில் கண்டு குறிப்புகள் திரட்டினார். ஒரே பெயர் கொண்ட மண், இடத்துக்கு இடம் வெவ்வேறு இயல்பு காட்டியது. மண்ணின் பெயரை அறிந்தால் போதாது, அதன் இயல்பை அளந்தறிய வேண்டும் எனத் தெளிந்தார்.

முதல் உலகப் போரின் முடிவில், இசுதான்புல்லில் தாம் வகித்த ஆசிரியப் பணியை இழந்தார். எனினும் மனம் தளரவில்லை. அந்நகரின் இராபர்ட் கல்லூரியில் சேர்ந்து, சுருட்டுப் பெட்டி போன்ற எளிய பொருள்களைக் கொண்டே ஆய்வுக் கருவிகளை அமைத்தார்.

அவர் கண்ட உண்மை எளியது. நீர் நிறைந்த களிமண்மீது சுமையை ஏற்றினால், முதலில் அச்சுமையை நீரே தாங்குகிறது. நீர் மெல்லக் கசிந்து வெளியேற, சுமை மண்துகள்களுக்கு மாறுகிறது, மண்ணும் அமிழ்கிறது. களிமண்ணின் துளைகள் மிக நுண்ணியவை. ஆதலால், கட்டடம் எழுந்து பல ஆண்டுகள் கடந்த பின்னும் அமிழ்தல் தொடர்கிறது. மொத்த அழுத்தத்திலிருந்து நீரின் அழுத்தத்தைக் கழித்தால் எஞ்சுவதே துகள்கள் தாங்கும் அழுத்தம். நீரழுத்தம் மிகும்போது துகள்களின் பிடிப்புத் தளர்கிறது. பெருமழையில் மலைச்சரிவு பெயர்வதும் இதனாலேயே.

1925இல் வெளிவந்த அவரது ஜெர்மன் நூல், மண் இயக்கவியல் என்னும் துறைக்கு அடித்தளமாயிற்று. பின்னர் மாசசூசெட்சு தொழில்நுட்ப நிறுவனத்திலும் வியன்னாவிலும் ஹார்வர்டிலும் கற்பித்தார். கணக்கீட்டை மட்டும் நம்பாமல், பணி நடக்கும்போதே மண்ணை அளந்து, தேவைக்கேற்பத் திட்டத்தை மாற்றவேண்டும் என வலியுறுத்தினார். 1963இல் மறைந்தார். கனடாவில் அவர் பணியாற்றிய அணையொன்று 1965 முதல் அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

அணையின் கீழ்ப்புறம் வாழும் மக்களின் உயிர், மண்ணுக்குள் மறைந்திருக்கும் நீரின் அழுத்தத்தையும் பொறுத்தது. கண்ணுக்குப் புலப்படாததை அளந்தறியும் பொறுமையே ஆய்வாளரின் அறம்.

கற்பவை கற்றபின்
நீர் நிறைந்த பஞ்சின்மீது சிறு எடையை வைத்து, நீர் வெளியேறுவதையும் பஞ்சு அமிழ்வதையும் உற்றுநோக்குக. கண்டவற்றைப் பாடக்கருத்துடன் ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாடுக.