தேநீரும் குவளையும்



காலையில் தேநீர் இல்லாவிட்டால் நம்மில் பலருக்குப் பொழுது விடிவதில்லை. ஆனால் 1839-இல் அசாம் தேயிலை லண்டனில் முதன்முதலாக ஏலம் போனபோது, அது வெள்ளையருக்கான சரக்கு. பிறகுதான் இந்தியர்களையும் குடிக்கவைக்க முனைந்தார்கள். 1903-இல் தேயிலை ஏற்றுமதிக்குச் செஸ் வரி விதித்து, அந்தப் பணத்தில் விளம்பரம் செய்தார்கள். அதற்குக் கைகொடுத்தவை ரயில் நிலையங்கள்.

ரயில் எல்லோரையும் ஒன்றாகச் சுமந்து வந்தது. பிளாட்பாரத்திலோ 'இந்து சாய்', 'முஸ்லிம் சாய்' என்று தனித்தனியாக விற்றார்கள். தண்ணீரும் அப்படியே. கடைகளிலும் உணவு விடுதிகளிலும் பாகுபாடு கூடாது என்று 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு விதித்தது. அதன் பிறகும் நம் தமிழகக் கிராமங்கள் பலவற்றில் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை நீடித்தது நமக்குத் தலைகுனிவே.

ரயில்வே பொறியாளராக நான் பணியாற்றிய இடங்களில், தண்டவாளம் பராமரிக்கும் கேங்கில் பல சாதியினரும் பல மொழியினரும் இருந்தார்கள். இரவு வேலையின்போது ஒரே கெட்டிலில் கொதித்த டீதான் அனைவருக்கும். பலர் தோள் சேர்ந்தால்தான் தண்டவாளம் நகரும். அங்கே குவளையைப் பிரித்தால் வேலை ஓடாது.

பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்த நாம், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு எந்த டம்ளரில் தேநீர் கொடுக்கிறோம்? அலமாரி ஓரத்தில் தனி டம்ளர் ஒன்று இருந்தால், இன்றே அதை மற்றவற்றோடு சேர்த்து வையுங்கள். நம் பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள்.