மேனி மின்னும் கார், மாதம் ஒரு பழுது: வணிகர் அறிய வேண்டிய பாடம்



மூட்டையில் குத்தூசி போட்டு, உள்ளங்கையில் அரிசியைத் தட்டி, ஊதிப் பார்த்து, பல்லில் கடித்துப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். மேல்வாய் அரிசியை மட்டும் நம்பி லோடு இறக்கச் சொல்லும் வணிகர் எவரும் இல்லை. ஆனால் அதே வணிகர், பல ஆண்டு உழைப்பில் சேர்ந்த பணத்தைப் போட்டு விலை உயர்ந்த கார் வாங்கும்போது நிறத்தையும், இருக்கையின் தோலையும், வேகத்தைக் காட்டும் முள்ளையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். மூன்றாம் மாதம் கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. சரிசெய்து வருகிறது, மறுபடியும் அதே பழுது. கல்லாவை விட்டு அலைய ஆளில்லை. தவணை மட்டும் மாதந்தவறாமல் வங்கிக் கணக்கில் கழிகிறது.

இப்படி முடங்கும் பணம் கடையின் முதல். ஆகவே இந்தப் பாடத்தில் மூன்று செய்திகளைப் பார்ப்போம். நம் பகுதியிலேயே நடந்த ஒரு வரலாறு, நீதிமன்றங்கள் சொன்ன தீர்ப்புகள், நாம் கைக்கொள்ள வேண்டிய முறைகள்.

1. பெருங்களத்தூர் சொல்லும் பாடம்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு நோக்கி ஜி.எஸ்.டி. சாலையில் செல்பவர்கள் பெருங்களத்தூரில் இன்று கணினி நிறுவனங்களின் உயர்ந்த கட்டடங்களைக் காண்கிறார்கள். அந்தப் பக்கத்தில்தான் ஒரு காலத்தில் கார் செய்யப்பட்டது. 1948-ல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் தொழிற்சாலை அது. வேன்கார்டு, ஸ்டாண்டர்ட் 10, ஹெரால்டு, கெசல் ஆகிய கார்கள் அதன் பெயரால் நம் சாலைகளில் ஓடின.

அந்த நிறுவனம் 1985-ல் ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்ற காரை வெளியிட்டது. பணக்காரர்களின் கார் என்று பேசப்பட்டது. விலை 2 லட்ச ரூபாயைத் தாண்டியது. அந்நாளில் அது வீடு வாங்கும் பணம். காரின் உடலமைப்பு இங்கிலாந்தின் ‘ரோவர் எஸ்.டி. 1’ காருடையது. 1976-ல் வெளிவந்த அந்த ரோவர், பந்தயக் காரின் சாயலும் சொகுசுக் காரின் வசதியும் ஒருசேரப் பெற்றது. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதையும் பெற்றது. ஆனால் அங்கேயும் கட்டுமானக் குறைகளால் வாங்கியவர்கள் நொந்துகொண்ட கார்தான் அது. விருதும் பழுதும் ஒரே வண்டியில் இருக்கலாம் என்பதற்கு அதுவே சான்று.

இங்கே நடந்தது இன்னொன்று. இங்கிலாந்து ரோவரின் பெரிய மாடலில் 3,528 சி.சி. கொள்ளளவும் 8 சிலிண்டரும் கொண்ட 155 குதிரைத் திறன் என்ஜின் இருந்தது. ஸ்டாண்டர்ட் 2000-க்குள் வைக்கப்பட்டதோ 1,991 சி.சி., 4 சிலிண்டர் என்ஜின். திறன் ஏறக்குறையப் பாதி. அந்த என்ஜினின் வமிசம் 1940-களின் வேன்கார்டு காரைச் சேர்ந்தது. அதே வமிசத்து என்ஜின்தான் அக்காலத்து ஃபெர்குசன் டிராக்டரிலும் இருந்தது. அது உறுதியான என்ஜின் என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்தனை கனமான சொகுசுக் காரை, அந்த விலைக்குத் தகுந்த வேகத்தில் இழுக்க அது பிறக்கவில்லை. பெட்ரோலும் அதிகம் குடித்தது. எரிபொருள் செலவு பற்றிச் சொல்லப்பட்ட கணக்கு மெய்தானா என்ற விசாரணையும் எழுந்தது. 1988-ல் உற்பத்தி நின்றது. 2006-ல் அங்கே எஞ்சிக் கிடந்த உதிரிபாகங்களும் பழைய வண்டிகளும் ஏலம் போயின, நிலமும் கைமாறியது.

இதில் நமக்குரிய பாடம் இரண்டு. முதலாவது, கார் என்பது மேனி அல்ல. உள்ளே இருக்கும் என்ஜினும் கியரும் மின்சுற்றும்தான் கார். ‘இந்த மாடலில் எந்த என்ஜின்? எத்தனை ஆண்டாக ஓடுகிறது? வேறு எந்த வண்டியில் வருகிறது?’ என்று கேட்பது குத்தூசி போடுவதற்குச் சமம். இரண்டாவது, கம்பெனி நின்றால் உதிரிபாகமும் நிற்கும். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் நிலையம் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் சுற்றுவட்டாரத்தில் உண்டா, ஊர் தாண்டிப் போக வேண்டுமா என்று பார்த்தபிறகே முன்பணம் கட்ட வேண்டும்.

2. நீதிமன்றங்கள் சொன்னது என்ன?

ஸ்டாண்டர்ட் 2000 வெளிவந்த ஆண்டில் நுகர்வோர் சட்டம் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986 டிசம்பரில் இயற்றப்பட்டு 1987-ல் நடைமுறைக்கு வந்தது. இப்போது இருப்பது 2019-ம் ஆண்டுச் சட்டம். 2020 ஜூலை முதல் அமலில் உள்ளது. இந்தச் சட்டங்களின்கீழும் வெளியிலும் வந்த சில வழக்குகளை அறிந்துகொள்வது நல்லது.

(அ) பழுதான பாகமா, முழுக் காருமா? கிளட்ச் பழுது தொடர்பாக மாருதி நிறுவனத்தின்மீது தொடரப்பட்ட வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாரண்டியில் எழுதியிருப்பது பழுதான பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது என்றால், அதற்காக முழுக் காரையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்பது அதன் சாரம். ஆகவே ‘புதுக் கார்தான் வேண்டும்’ என்று கேட்பவர், பழுது ஒரு பாகத்தோடு நிற்காமல் தயாரிப்பிலேயே ஊறியது என்று நிரூபிக்க வேண்டும்.

(ஆ) நிரூபிப்பது எப்படி? ஃபியட் நிறுவனம் தொடர்பான வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் வழி காட்டியது. சார்பற்ற தொழில்நுட்ப வல்லுநர் காரைச் சோதிக்க வேண்டும். தயாரிப்புக் குறை என்று அவர் சொன்னால் காரின் விலையை 12 சதவீத வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்றது. நம் பேச்சைவிட, நமக்கு வேண்டிய மெக்கானிக்கின் பேச்சைவிட, நடுநிலை வல்லுநரின் அறிக்கைக்கே எடை அதிகம்.

(இ) கம்பெனி பெயரில் வாங்கினால்? வணிகர்கள் மிகுந்த கவனத்துடன் படிக்க வேண்டிய பகுதி இது. மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்கியவர் சட்டப்படி ‘நுகர்வோர்’ ஆகமாட்டார். தாமே உழைத்துப் பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவருக்கு விலக்கு உண்டு. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனத்திடம் இயந்திரம் வாங்கியவர் தொடர்ந்த வழக்கில், 1995-ல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. வணிக நோக்கமா இல்லையா என்பதை ஒவ்வொரு வழக்கின் உண்மை நிலையை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்றது.

சொகுசுக் கார் பற்றிய தெளிவு 2024 ஜூலையில் கிடைத்தது. ஒரு கம்பெனி தன் இயக்குநர்களுக்காக மெர்சிடிஸ் கார் வாங்கியது. காரின் நடுப்பகுதி மேடு தாங்க முடியாதபடி சூடேறுகிறது என்பது புகார். கம்பெனி பெயரில் வாங்கியதால் அது வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. இயக்குநரின் சொந்த உபயோகத்துக்கான கார் வணிக நோக்கம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. இதில் கவனிக்க வேண்டியது காலம். தேசிய ஆணையம் ஆணை பிறப்பித்தது 2007-ல். இறுதித் தீர்ப்பு வந்தது 2024-ல்.

(ஈ) சமரசத்தை எப்போது ஏற்பது? ஐதராபாத்தில் ஜி.வி.ஆர். என்ற கட்டுமான நிறுவனம் 2009 செப்டம்பர் 25-ம் நாள் பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸ் கார் வாங்கியது. நான்கே நாளில் கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. நவம்பரில் அதே பழுது மீண்டும். மோசடி என்று போலீசில் புகார் தரப்பட்டது. 2012-ல் உயர் நீதிமன்றம் கிரிமினல் வழக்கை ரத்து செய்து, பழுதான காருக்குப் பதில் புதுக் கார் தரச் சொன்னது. கார் கம்பெனி தர முன்வந்தது. வாங்கியவரோ கார் வேண்டாம், பணம்தான் வேண்டும் என்றார். வழக்கு மேலே போயிற்று. 2024 ஜூலை 10-ம் நாள் உச்ச நீதிமன்றம் 50 லட்ச ரூபாய் கொடுத்து விவகாரத்தை முடிக்கச் சொன்னது. 50 லட்சம் பெரிய தொகைதான். ஆனால் பணம் 15 ஆண்டு தூங்கியது. ஒரு வணிகரின் பணம் 15 ஆண்டில் எத்தனை முறை புரளும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய நிறுவனம் தாங்கும். மளிகைக் கடை தாங்குமா?

3. நாம் கைக்கொள்ள வேண்டிய முறைகள்

டெலிவரிக்கு முன்: காரைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தயாரித்த மாதமும் ஆண்டும் கேளுங்கள். சேசிஸ் எண்ணோடு ஒத்துப்பாருங்கள். கோவாவில் ஒருவர் புதுக் காருக்குப் பணம் கட்டினார். டீலர் கொடுத்ததோ ஏற்கெனவே ஓடிய பழைய ஆண்டுக் கார். அந்த வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம், டீலர் செய்த தவறு தயாரிப்பாளருக்குத் தெரிந்திருந்தது என்று காட்டாமல் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க முடியாது என்றது. டீலர் வேறு, கம்பெனி வேறு என்பதை மறக்கக்கூடாது. நோட்டீஸ் விடும்போது இருவருக்கும் விட வேண்டும்.

பில் யார் பெயரில்: குடும்ப உபயோகத்துக்கு என்றால் சொந்தப் பெயரில் வாங்குவதே மேல். கடைக் கணக்கில் சேர்த்துத் தேய்மானம் எழுதினால், பின்னாளில் ‘இது வணிகக் கார்’ என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் கொடுத்ததாகும். 13 பேர் வரை அமரும் வாகனத்துக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவும் கிடைக்காது. ஆகவே கடை பெயரில் வாங்குவதில் சிலர் நினைக்கும் லாபம் இருக்கிறதா என்று கணக்கரிடம் முதலில் கேளுங்கள்.

முதல் பழுது: போனில் சொல்லி விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டு போடச் சொல்லுங்கள். அதில் ‘பொது சர்வீஸ்’ என்று எழுதவிடாமல், நீங்கள் சொன்ன பழுதை நீங்கள் சொன்ன சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். விட்ட நாள், எடுத்த நாள், கிலோமீட்டர், மாற்றிய பாகம் நான்கும் இருக்க வேண்டும். இது நமக்குப் புதிதல்ல. கடன் வாடிக்கையாளருக்குப் பேரேட்டில் பக்கம் ஒதுக்குவதுபோல், காருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

இரண்டாம், மூன்றாம் பழுது: அதே பழுது திரும்பினால் டீலருக்கும் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் ஒன்று, இ-மெயிலில் ஒன்று. வாரண்டியை நீட்டித்துத் தரவும் எழுத்திலேயே கேளுங்கள். வெளி மெக்கானிக்கிடம் திறந்து காட்டாதீர்கள். வாரண்டி போயிற்று என்று சொல்ல அதுவே சாக்காகும். சர்வீஸ் நாளையும் தவறவிடாதீர்கள்.

ஆணையத்துக்குப் போவது: பழுது எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். அதற்குமேல் 2 கோடி வரை மாநில ஆணையம். அதற்கும் மேல் தேசிய ஆணையம். கம்பெனி பம்பாயில் இருந்தாலும் நாம் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பது 2019-ம் ஆண்டுச் சட்டம் தந்த வசதி. தாம்பரத்தார் செங்கல்பட்டு மாவட்ட ஆணையத்தை அணுகலாம். கட்டணம் சொற்பம், 20 லட்சத்துக்குமேல் 50 லட்சம் வரை விலையுள்ள பொருளுக்கு 1,000 ரூபாய். அதற்குமுன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பேசிப் பார்ப்பதும் பயன் தரும்.

நுகர்வோர் ஆகாதவர்: சரக்கு ஏற்றக் கடை பெயரில் வாங்கிய வண்டி என்றால் உரிமை அற்றுப்போவதில்லை. 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின்கீழ் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் அங்கே ஒரு நியதி உண்டு. சரக்கை ஏற்றுக்கொண்டு, குறை சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டால், திருப்பித் தரும் உரிமை போய் நஷ்டஈடு கேட்கும் உரிமையே மிஞ்சும். வந்த சரக்கில் பழுது கண்டால் அன்றே மண்டிக்குச் சொல்லி அனுப்புகிறோமே, அதே விதிதான்.

பேச்சு வார்த்தை: கம்பெனி புது என்ஜினோ, மாற்றுக் காரோ, ஒரு தொகையோ தர முன்வந்தால் கோபத்தை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் பாருங்கள். கேட்ட தொகைக்கும் தரும் தொகைக்கும் உள்ள வித்தியாசம், இன்னும் சில ஆண்டு அலைவதற்கு ஈடாகுமா? ஈடாகாது என்றால் எழுத்தில் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள்.

நினைவில் நிறுத்த

வாங்குமுன் உள்ளே இருப்பதைக் கேள். வாங்கும்போது பெயரைப் பார். பழுதானால் எழுதி வை. திரும்பினால் இருவருக்கும் நோட்டீஸ் விடு. 2 ஆண்டைத் தவறவிடாதே. நியாயமான சமரசத்தைத் தட்டாதே.

விலை உயர்ந்த கார் வாங்குவது தவறல்ல. உழைத்துச் சேர்த்தவர் அனுபவிக்கத்தான் வேண்டும். ஆனால் பத்து ரூபாய்ப் பருப்பை நிறுத்துக் கொடுக்கும் கை, பல லட்ச ரூபாய்க் காரை நிறுத்துப் பாராமல் வாங்கக்கூடாது. ஒர்க்‌ஷாப்பில் கார் நிற்கும் ஒவ்வொரு நாளும் நம் முதலுக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கிறது என்பதை நினைவில் கொள்வோம்.